தெலுங்கு மண்ணில் கூடாரமடித்த திருநெல்வேலிக்காரர்

செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை, வாரங்கல் வழியாக விஜயவாடாவுக்குப் போகும் ரயில் பாதையில் தோர்ணக்கல் என்று ஒரு சந்திப்பு நிலையம் உண்டு. செகந்திராபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இல்லந்து, கொத்தகூடம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகும் கிளைப் பாதை இங்கேதான் பிரிகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னை வழியாக ஊருக்குப் புறப்படும் தமிழர்களில் பலர் இந்த நிலையத்தை இரவுத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் வண்டி அங்கே நின்றாலும், பெயர்ப் பலகையைப் படிப்பதோடு சரி.

அந்தச் சின்ன ஊரின் பெயர் ஒரு காலத்தில் லண்டனிலும் எடின்பரோவிலும் பேசப்பட்டது. அதற்குக் காரணமானவர் ஒரு தமிழர். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, நிஜாம் ஆண்ட நாட்டுக்கு வந்து, தெலுங்கு கற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே உழைத்து, அந்த மண்ணிலேயே அடங்கியவர். இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர், அதாவது பிஷப், பதவிக்கு வந்த முதல் இந்தியரான வேதநாயகம் சாமுவேல் அசரியாதான் அவர்.

பனங்காட்டுப் பிள்ளை

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி வெள்ளாளன்விளை என்ற ஊரில் பிறந்தார். அன்று திருநெல்வேலி ஜில்லா. இன்று தூத்துக்குடி மாவட்டம். செம்மணல் தேரியும் பனையுமாக இருக்கும் சீமை அது. தந்தை அந்த ஊர்ச் சபையின் குருவானவர். இந்துக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கிறிஸ்தவரானவர். அசரியாவுக்குப் பதினைந்து வயது ஆகும்போதே தந்தை காலமாகிவிட்டார். தாய் எல்லன் கண்டிப்பானவர். ஜெபத்திலும் படிப்பிலும் மகனைத் தளர விடாமல் வளர்த்தார்.

அந்தச் சீமையின் கதையைச் சற்று நினைவில் வைத்துக் கொண்டால்தான் அசரியாவின் வாழ்வு விளங்கும். பனையேறிப் பிழைத்த நாடார் சமூகத்தாரைக் கோயிலுக்குள் விடாத காலம் அது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணிவதற்கே தெற்குத் திருவிதாங்கூரில் போராட வேண்டியிருந்தது. அத்தகைய சமூகத்தில் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு ஒரு விடுதி, பெண்களுக்கும் எழுத்து, சமைக்குமுன் காணிக்கைக்கென்று எடுத்து வைக்கும் பிடி அரிசி என்று சில எளிய ஏற்பாடுகள் வந்தன. இரண்டு தலைமுறையில் அந்தக் கிராமங்கள் ஆசிரியர்களையும் குருமாரையும் குமாஸ்தாக்களையும் கொடுக்கத் தொடங்கின. அசரியா அந்த மாற்றத்தின் நடுவில் வளர்ந்த பிள்ளை. பிற்காலத்தில் தெலுங்கு நாட்டில் அவர் செய்த வேலைக்கெல்லாம் கையிலிருந்த மாதிரி இதுதான்.

திருநெல்வேலியில் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் எடுத்துப் படித்தார். இறுதிப் பரீட்சை சமயத்தில் நோய் வந்து படுத்துவிட்டதால் பி.ஏ. பட்டம் கைக்கு வரவில்லை. பிறகும் அதற்காக அவர் முயலவில்லை. அந்த மனிதருக்கே 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் சுற்றி இளைஞர்களைத் திரட்டும் வேலை. 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பு வரை போன முதல் சிலரில் அவரும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் பட்ட வெட்கம்

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். ஆனாலும் கடல் கடந்து வேறிடத்தில் ஊழியம் செய்ய, தங்கள் சொந்தச் செலவில் ஆள் அனுப்பி வைத்திருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபை அவர்களைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அன்று வரை அது வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் வாங்கிக்கொண்டே இருந்தது. வெளியே யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அந்த ஒப்பீடு அசரியாவைக் குத்தியது.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் அடிப்படை விதி. அன்னியப் பணம் ஒரு காசும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்கள். பிடி அரிசியும், பனங்கருப்பட்டி விற்ற காசும், ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கும் சேர்ந்துதான் சங்கம் நடக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, 1905 கிறிஸ்துமஸ் தினத்தன்று, வங்காளத்தில் உள்ள சிராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் முன்னின்றவர்களில் அசரியா ஒருவர்.

திருநெல்வேலிச் சங்கம் தன் வேலைக்குத் தேர்ந்த இடம் நிஜாம் சமஸ்தானத்தில் வாரங்கல்லுக்குத் தெற்கே இருந்த மானுகோட்டா பகுதி. இன்று அதற்கு மஹபூபாபாத் என்று பெயர். ரயில் ஓடியதே தவிர, பாதையை விட்டு இறங்கினால் காடு. பேசுவது தெலுங்கு, சர்க்கார் காகிதம் உருது, வந்தவர்களுக்குத் தெரிந்ததோ தமிழ். 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் என்ற இளைஞர் முதலாவதாகப் போய்த் தெலுங்கு கற்று வேலையைத் தொடங்கினார்.

அசரியா ஊர் ஊராகப் போய் இந்த வேலைக்குப் பணமும் ஆளும் கேட்டு வந்தார். ஆனால் அடுத்தவனைப் போகச் சொல்லிவிட்டுத் தான் சென்னையில் இருப்பது நியாயமா என்ற கேள்வி அவர் மனத்தை அரித்தது. 1909இல், முப்பத்தைந்தாவது வயதில், நல்ல பதவியையும் நகர வாழ்வையும் விட்டார். குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல்லில் வந்து இறங்கினார். அந்த வயதில் புதிதாக ஒரு பாஷையைக் கற்றார். தமிழ் வாடையோடு தெலுங்கு பேசத் தொடங்கி, போகப் போகத் தெலுங்கிலேயே சரளமாகப் பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்தார்.

இரண்டு பக்கமும் எதிர்ப்பு

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். அங்கே பேச எழுந்த அசரியா, சபையில் இருந்த வெள்ளைக்காரர்கள் நெளியும்படி ஓர் உண்மையைச் சொன்னார். மிஷனெரிமார் உழைக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள், ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள்; ஆனால் தங்களோடு வேலை செய்யும் இந்தியனைச் சமமாக உட்கார வைத்து நண்பனாக நடத்த மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் வாய்விட்டுப் பாராட்டினார்கள். அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் இன்றுவரை நினைவில் நிற்பது இந்தப் பேச்சுதான்.

அப்போது சென்னையில் அத்தியட்சராக இருந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயர். தோர்ணக்கல்லைத் தனி அத்தியட்சாதீனமாக்கி அசரியாவை அதற்குத் தலைவராக்க வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. ஓர் இந்தியனின் கீழ் ஆங்கிலேயப் பாதிரிமார் எப்படி வேலை செய்வது என்று கேட்டவர்கள் உண்டு. அதைவிட வேதனை, அவருடைய சொந்தச் சீமையிலிருந்தே எதிர்ப்பு வந்ததுதான். அசரியாவின் சாதியைக் காரணமாக நினைத்து முணுமுணுத்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் தாண்டி 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியாவுக்கு அபிஷேகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கொடுக்கப்பட்ட எல்லை சிறியது. கிறிஸ்தவர்கள் சில ஆயிரம் பேர். குருமாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்து ஆண்டுக்குள் கிருஷ்ணா ஜில்லா முதலிய பகுதிகளும் சேர்க்கப்பட்டு எல்லை விரிந்தபோது, மசூலிப்பட்டணம் பக்கத்து ஆங்கிலேய மிஷனெரிமாரும் அவருடைய அதிகாரத்தின் கீழ் வந்தார்கள். 1935இல் எலியட் என்ற ஆங்கிலேயர் அவருக்குத் துணை அத்தியட்சராக அமர்ந்தார். இந்தியனின் கீழ் வெள்ளைக்காரன் வேலை செய்வானா என்ற கேள்விக்கு அதுவே விடை. ஆனால் அசரியா இறக்கும் வரை இந்தியாவில் தனி அத்தியட்சாதீனத்தை ஆண்ட ஆங்கிலிக்கன் இந்தியர் அவர் ஒருவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. கதவு திறந்தது, ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் அடுத்த ஆளை உள்ளே விடவில்லை.

கூடாரத்தில் ஒரு நாள்

அத்தியட்சர் என்றால் பெரிய மாளிகை, பல்லக்கு, சேவகர் என்று அந்தக் காலத்தில் ஓர் எண்ணம் உண்டு. அசரியாவின் ஆட்சி பெரும்பாலும் நடந்தது கூடாரத்தில். மழை நின்று சோளக் கதிர் முற்றத் தொடங்கும் காலம் முதல் கோடை வெயில் ஏறும் வரை கிராமச் சுற்றுப்பயணம். மாட்டு வண்டியில் கூடாரத் துணி, முளை, கயிறு, பாத்திரம், அரிக்கேன் விளக்கு, புத்தகப் பெட்டி எல்லாம் முன்னால் போகும். அவர் சில சமயம் வண்டியில், சில சமயம் சைக்கிளில், பாதை இல்லாத இடத்தில் கால்நடையாகப் போவார். ஊருக்கு அருகே நிழலும் தண்ணீரும் உள்ள இடம் பார்த்து முகாம் போடுவார்கள்.

விடியுமுன் எழுந்துவிடுவார். தம் எல்லைக்குட்பட்ட ஊழியர்களையும் ஸ்தாபனங்களையும் பெயர் சொல்லி ஜெபிப்பது அவருடைய அன்றாடக் கடமை. பொழுது விடிந்ததும் வேலை ஆரம்பம். குருவானவர் கணக்குப் புத்தகங்களோடு வருவார். உபதேசியார் தம் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வருவார். காணிக்கை எவ்வளவு, எத்தனை பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது, யார் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான், எந்தக் குடும்பம் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கலியாணம் பேசுகிறது என்று ஒன்று விடாமல் கேட்பார். கணக்கில் கண்டிப்பானவர். சோம்பேறி ஊழியருக்கு அவரிடம் இடம் கிடையாது.

பகலில் கிராமத்துக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தாழ்த்தப்பட்ட சமூகத்தார். ஊருக்கு வெளியே மாலபல்லெ ஒரு பக்கம், மாதிகவாடா ஒரு பக்கம் என்று ஒதுக்கப்பட்டவர்கள். பொழுது விடிந்தால் தொரையின் வயலில் கூலி வேலை. அதற்கு மேல் வெட்டி என்ற பெயரில் கூலியில்லாத வேலை வேறு: சுமை தூக்க, செய்தி கொண்டு போக, செத்த மாட்டை இழுக்க, செருப்புத் தைத்துக் கொடுக்க. நிஜாம் சமஸ்தானத்துத் தெலங்கானா கிராமங்களில் தேசமுக்குகளும் பட்டேல் பட்வாரிகளும் வைத்ததுதான் சட்டம்.

ஆகவே முகாமின் முக்கிய வேலை இருட்டிய பின்புதான். வயலிலிருந்து திரும்பி, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, ஆணும் பெண்ணும் கைக்குழந்தையுமாக வருவார்கள். தப்பட்டை கொட்டி, ஊர் எல்லையிலேயே மாலை போட்டு அழைத்து வருவதும் உண்டு. அரிக்கேன் வெளிச்சத்தில் கேள்வி பதில் நடக்கும். எழுத்தறியாதவர்கள் ஆதலால் எல்லாம் மனப்பாடம். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, சில கதைகள் ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்தால்தான் ஞானஸ்நானம். அதற்குப் பின்னும் பல மாதம் காத்திருந்து திடப்படுத்தல். தெலுங்குக் கீர்த்தனைகளும் பஜனையும் கோலாட்டமும் வழிபாட்டில் தாராளமாக இடம் பெற்றன. இங்கிலீஷ் மெட்டை மொழிபெயர்த்துப் பாட வைப்பதைவிட, பல்லெயில் ஏற்கெனவே இருந்த தாளத்தில் பாட வைப்பது மேல் என்று அவர் கருதினார்.

ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தம் தலைமேல் கையை வைத்துக்கொள்ளச் சொல்வார். தாம் பெற்றதைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்ற பவுல் அடிகளின் வாக்கைத் தெலுங்கில் சொல்ல வைப்பார். படிக்காத கூலிக்காரனும் கேட்பவனாக மட்டும் இருக்கக் கூடாது, சொல்பவனாகவும் ஆக வேண்டும் என்பது அவர் கொள்கை.

மதம் மட்டும் பேசிவிட்டு அவர் எழுந்து போவதில்லை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று ஊருக்கு ஊர் சொல்லி வந்தார். கிணற்றைச் சுற்றிச் சேறு இருக்கக் கூடாது; செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக் கூடாது; கலியாணத்துக்குக் கடன் வாங்கக் கூடாது; கள்ளுக்கடைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஏற்பட்டன. தோர்ணக்கல்லில் விடுதிப் பள்ளிகளும், தொழில் கற்கும் ஏற்பாடும், அச்சகமும், குருமாரைப் பயிற்றும் பள்ளியும் வளர்ந்தன.

அன்பு மரியம்மாளின் பங்கு

இந்த வாழ்க்கையில் பாதிப் பாரத்தைச் சுமந்தவர் அன்பு மரியம்மாள். கல்லூரி வரை படித்த பெண், கடைக்குப் போக வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்க வேண்டுமானாலும் ரயிலை எதிர்பார்க்க வேண்டிய ஊரில் குடித்தனம் செய்தார். பிள்ளைகளை வளர்த்தார். விடுதிப் பிள்ளைகளையும் வளர்த்தார். சுற்றுப்பயணங்களிலும் கணவருடன் போனார்.

ஊழியத்துக்குப் பயிற்சி பெற ஆண் மட்டும் வந்தால் போதாது, மனைவியும் வர வேண்டும் என்பது தோர்ணக்கல்லின் ஏற்பாடு. கணவன் வேதம் படிக்கும்போது மனைவி எழுத்தும் தையலும் பிள்ளை வளர்ப்பும் படிப்பாள். கிராமத்துக்குத் திரும்பியபின் ஆண்களுக்கு அவன் ஆசிரியன் என்றால் பெண்களுக்கு அவள் ஆசிரியை. தலைமுறை தலைமுறையாகப் பெயர்கூடச் சரியாக எழுதப்படாத குடும்பங்களில் பெண்ணின் கையில் புத்தகம் ஏறியது இப்படித்தான்.

விலை கொடுத்த விசுவாசம்

சபையில் சேர்ந்தவர்களுக்குச் சுகமான வாழ்வு கிடைத்தது என்று நினைத்தால் தவறு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்றாலும், திருவிழாவில் பறை அடிக்க மாட்டேன் என்றாலும், அடி விழுந்தது. கூலி நின்றது, கிணறு அடைபட்டது. குடிசைக்கும் ஆபத்து வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் மாடு மேய்க்க யார் என்று தொரை கேட்டார். பயந்து பின்வாங்கியவர்களும் உண்டு. அடிபட்டும் நின்றவர்கள் உண்டு. நின்றவர்களைப் பார்த்து, 1930க்குப் பின் ஊரின் மேல்சாதிக் குடியானவர்களிலும் பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். 1930களில் தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை 2 லட்சத்தைத் தாண்டியது. கிராம ஆசிரியர்கள் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இந்தியக் குருமார் நூற்றுக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்.

இந்தக் கடைசி விஷயம் கவனிக்கத்தக்கது. தமிழர் பணத்தில், தமிழ் ஊழியரால் தொடங்கிய வேலை அது. தமிழர்களே மேலே உட்கார்ந்து ஆண்டுகொண்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் வெள்ளைக்காரனைப் பற்றி எடின்பரோவில் சொன்ன குறை அவர் தலையிலேயே விழுந்திருக்கும். தெலுங்குப் பையன்களைப் பயிற்றித் தெலுங்குச் சபையை அவர்கள் கையில் கொடுப்பதில்தான் அவர் வேகம் காட்டினார்.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே கிண்ணத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கோயிலுக்குள் ஒன்றாக மண்டியிட்டவர்கள் வெளியே வந்ததும் தனித்தனிப் பல்லெக்குத்தான் போனார்கள். கலியாணம் பேசும்போது பழைய சாதி தலைதூக்கியது. அந்தக் குறை அவர் காலத்தோடு தீரவில்லை.

காந்தியடிகளோடு வந்த கருத்து வேறுபாடு

அசரியா தேச விரோதி அல்லர். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தால் அவர்கள் மற்ற இந்தியரிடமிருந்து பிரிந்துபோவார்கள் என்று சொல்லி, 1932இன் வகுப்புத் தீர்ப்பு கொடுத்த சலுகையை எதிர்த்தவர் அவர். சலுகை வேண்டாம் என்று சொன்ன சிறுபான்மைத் தலைவர்கள் அன்று மிகச் சிலரே.

ஆயினும் காந்தியடிகளோடு அவருக்கு ஆழ்ந்த கருத்து வேறுபாடு ஏற்பட்டது. 1935 அக்டோபரில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று ஏவலாவில் அறிவித்தார். நாடெங்கும் தாழ்த்தப்பட்டோர் எங்கே போவார்கள் என்ற விவாதம் மூண்டது. கூட்டம் கூட்டமாக நடக்கும் மதமாற்றத்தைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தார். பள்ளியும் வைத்தியமும் கொடுப்பவர்கள் அதற்கு ஈடாக மதத்தை எதிர்பார்க்கக் கூடாது, எழுத்தறியாத ஏழைக்கு மதங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் நிலை இல்லை என்பது அவர் வாதம். தாழ்த்தப்பட்டவனுக்கு மட்டும் சொந்தப் புத்தி இல்லை என்று நினைப்பது சரியா, அவனுக்கும் ஆத்ம தாகம் உண்டு, தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் வாதம். 1937இல் இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உடன்பாடு ஏற்படவில்லை.

இரு வாதங்களும் இன்றும் தீராமல் இருப்பவை. ஆனால் ஒன்று சொல்லலாம். இருவருமே ஒதுக்கப்பட்டவனின் குடிசை வாசலில் போய் நின்றவர்கள். அங்கே போகாமலே பேசியவர்களின் வாதத்தைவிட அவர்களுடைய வாதத்துக்குக் கனம் அதிகம்.

மூன்று மரபும் கலந்த கோயில்

தோர்ணக்கல்லில் இறங்கிப் பார்ப்பவர்கள் அசரியா கட்டிய பேராலயத்தைக் காணலாம். பணம் சேரச் சேரக் கட்டி, நின்று நின்று எழுந்த கட்டடம். 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. மெதக்கில் 1924இல் பிரதிஷ்டையான பேராலயம் இங்கிலாந்துப் பாணியில் வானுயர்ந்து நிற்பது. பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கூலி கொடுத்து அதைக் கட்டியவர் சார்லஸ் பாஸ்நெட் என்ற ஆங்கிலேய மிஷனெரி. தோர்ணக்கல் பேராலயம் வேறு மாதிரி. தூண்களைப் பார்த்தால் தென்னாட்டுக் கோயில் மண்டபம். குமிழையும் மினாரையும் பார்த்தால் ஐதராபாத் மசூதிகளின் சாயல். தாமரைச் செதுக்கலோடு சிலுவை. கிறிஸ்தவனாவதற்கு வெள்ளைக்காரனாக வேண்டியதில்லை என்று கல்லில் எழுதி வைத்ததைப் போல இருக்கும்.

அவர் விரும்பிய இன்னொரு கட்டடம் கல்லால் ஆனதல்ல. ஒரே இயேசுவைக் கும்பிடும் ஏழைகள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன் என்று சீமையில் எப்போதோ நடந்த சண்டைகளின் பெயரால் இங்கே ஏன் பிரிந்து நிற்க வேண்டும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியக் குருமாரே கூடிய ஒரு சிறு மாநாட்டில் சபைகளை இணைக்க வேண்டும் என்ற அறிக்கை உருவாயிற்று. அதற்கு முன்னின்றவர் அசரியா. பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மெதக்கும் தோர்ணக்கல்லும் திருநெல்வேலியும் ஒரே திருச்சபையில் சேர்ந்தன.

அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கல்லில் அவர் காலமானார். வயது எழுபது. தாம் எழுப்பிய பேராலயத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கடைசிக் காலத்திலும் வெள்ளாளன்விளைக்குத் திரும்பிப் போய் ஓய்வெடுப்பதை அவர் நினைக்கவில்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வருகிறவர்கள் உண்டு. மாற்றலாகி வருகிறவர்கள் உண்டு. பென்ஷன் வாங்கியதும் ஊருக்குப் போய்விடலாம் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அசரியா வந்தது வேறு கணக்கோடு. தம் சொந்த ஊரை இரண்டு தலைமுறையில் தூக்கி நிறுத்திய பள்ளிக்கூடத்தையும் பிடி அரிசியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தம்மைத் தெரியாத ஜனங்களிடம் வந்தார். அவர்கள் பாஷையைக் கற்றார். அவர்கள் பிள்ளைகளைத் தம் இடத்தில் உட்காரப் பழக்கினார். தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களில், இன்று ஆசிரியராகவும் நர்ஸாகவும் ரயில்வே ஊழியராகவும் இருக்கும் எத்தனையோ பேரின் பாட்டனுக்கு முதல் எழுத்து கிடைத்தது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான்.